மறு: ‘பாய்ன்யன்ட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களே,

மாணவர்களுக்கான ஆங்கிலச் சொற்பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பாய்ன்யன்ட்’ (poignant: மனத்தைக் குத்திக் கலங்கவைக்கிற) என்ற இந்த ஒரு சொல்தான் இன்னும் முடியவில்லை.

> ‘உருக்கமான’ என்று போட்டுவிட்டுப் போகலாமே? எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா. ஆனால் ‘உருக்கமான வேண்டுகோள்’ என்னும்போது கெஞ்சல்தான் முன்னால் நிற்கிறது. குத்தும் வலி அதில் இல்லை. பாய்ன்யன்டுக்கு மூலமே ‘குத்துதல்’ என்ற பொருளுள்ள இலத்தீன் வினை. டயர் ‘பஞ்சர்’ ஆகிறது என்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் அதே வேர்தான். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் சுள்ளென்று இருக்கும் சாஸுக்கு இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். நம்மிடமும் அப்படித்தானே! நாக்கில் உறைப்பது மனத்திலும் உறைக்கிறது: ‘சொன்னது அவனுக்கு உறைத்ததா?’ இரண்டு மொழியும் ஒரே தடத்தில் போயிருப்பதை நேற்றிரவு கவனித்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் ‘உறைப்பான நினைவு’ என்று எழுத முடியாது. மனத்தில் உறைத்தால் சுரணை வரும், துயரம் வராது.

அதனால் என் பரிந்துரை ‘நெஞ்சில் தைக்கும்’. முள்ளும் தைக்கும், அம்பும் தைக்கும்.

> கடுஞ்சொல்தான் தைக்கும். பிரிவு எப்படித் தைக்கும்? ‘உள்ளக்குத்து’ என்று புதிதாக ஆக்குவோம்.

முதல் கேள்வி நியாயமானது அம்மா. ‘தைத்தது’ என்றதும் வசைதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் உள்ளக்குத்து வேண்டவே வேண்டாம். இணையத்தில் ‘உள்குத்து’ என்றால் மறைமுகத் தாக்கு. மாணவர் அங்கேதான் போவார்.

> தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் தேடினீர்களா?

தேடினேன். உணர்ச்சிகள் வெளிப்படுவதைச் சொல்லும் அந்த இயலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள், அதாவது அது பிறக்கும் காரணங்கள்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இதில் அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டு வருந்துவது. பழைய புகைப்படம் ஒன்று நம்மைக் கலங்கவைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் இன்று ‘அசைவான காட்சி’ என்றால் எதுவோ ஆடுகிறது என்றே படிப்பார்கள். மனமில்லாமல்தான் விட்டேன்.

சரி, பெரும்பான்மையினர் ‘உருக்கமான’ பக்கம் இருக்கிறீர்கள். அதையே போட்டு அனுப்புகிறேன். எடுத்துக்காட்டு வாக்கியத்தில் மட்டும், ‘பழைய நோட்டில் இறந்துபோன அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தது நெஞ்சில் தைத்தது’ என்று எழுதியிருக்கிறேன். அதை மட்டும் யாரும் மாற்றிவிடாதீர்கள்.