சுகர் இருக்கிறவருக்கு மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலி இல்லை. கேஸ்தானா?

கம்பத்துக்காரி:
எங்கள் வீட்டுக்காரர் கம்பத்திலிருந்து வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறார். வயது 52. சுகர் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. விடியலில் ஒரு கட்டன் சாயா, மேலே போய்த்தான் பரோட்டா. இப்போது கொஞ்ச நாளாகக் காய் மூட்டையோடு சரிவில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, சட்டை பிழிகிற அளவுக்கு வேர்க்கிறது. உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. கேட்டால், "நெஞ்சா வலிக்குது? கேஸ்டி" என்று சோடா குடிக்கிறார். கொழுப்புக்கு டாக்டர் எழுதிய அட்டார்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் மாத்திரையையும், ரிப்போர்ட்டில் கொழுப்பு நார்மல் என்று போட்டிருக்கிறது எனச் சொல்லித் தொடுவதில்லை. அப்படியே விடலாமா?

குமுளி சாரல்:
லோ சுகராக இருக்கும். பையில் கடலைமிட்டாய் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ், வண்டிப்பெரியாறு:
லோ சுகரிலும் வேர்க்கும், ஆனால் கை நடுங்கும், பசிக்கும். மீட்டரில் குத்தினால் 70-க்குக் கீழே காட்டும். ஏறினால் வந்து, உட்கார்ந்தால் அடங்குகிறது என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்கணும் தங்கச்சி.

நாள்பட்ட சுகர் நரம்பைக் கெடுக்கும். காலில் முள் குத்தினால் தெரியாமல் போகிறதே, இதயத்து நரம்புக்கும் அதே கதி வரலாம். இதய ரத்தக்குழாய் அடைத்திருந்தாலும் வலி தெரியாமல் போகலாம். மூச்சு வாங்கும், வேர்க்கும், மேல்வயிறு மந்தமாக இருக்கும், காரணமில்லாமல் அசதியாக இருக்கும். இதைக் கேஸ் என்று சொல்லிக்கொண்டு வார்டுக்கு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் போடுகிற நார்மல் ஊர்ப் பொது அளவு. 40 தாண்டிய சுகர்காரருக்குக் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் பெரும்பாலும் இந்த மாத்திரை எழுதுவார்கள். 2004-இல் வெளிவந்த கார்ட்ஸ் ஆய்வில், கொழுப்பு அதிகமில்லாத சுமார் 2,800 சுகர்காரர்களில் பாதிப் பேருக்கு இதே 10 மில்லிகிராமும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியானவை 37 சதவீதம் குறைவு. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே இரண்டு வருஷம் முன்னாடி நிறுத்திவிட்டார்கள்.

நாளைக்கே கூட்டிப்போங்கள். படுக்க வைத்து எடுக்கிற ஈசிஜி சரியாக இருந்தால் மட்டும் திரும்பி வந்துவிடாதீர்கள். எக்கோ (இதய ஸ்கேன்), டிரெட்மில் (நடக்க வைத்து எடுக்கிற ஈசிஜி) தேவையா என்று கேளுங்கள். அதுவரை மூட்டை வேண்டாம், அந்த ஹேர்பின் வளைவுகளில் ஜீப் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஓட்டவும் வேண்டாம்.

மெட்டு டிரைவர்:
மேலே இருக்கும்போது உட்கார்ந்தும் அடங்காவிட்டால் கம்பத்துக்கு இறங்கணும் என்று நிற்காதீர்கள் அக்கா, கட்டப்பனைதான் பக்கம். இந்தப் பக்கம் இருந்தால் 108. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023-இலிருந்து இதயம் காப்போம் திட்டம் இருக்கிறது. மாரடைப்பு மாதிரி தெரிந்தால் முதல் டோஸ் மாத்திரை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

கம்பத்துக்காரி:
ஓனரிடம் வேற டிரைவர் போடச் சொல்லியாச்சு. காலையில் போகிறோம். அந்த மாத்திரையை ராத்திரிதான் போடணுமா?

ஓய்வுபெற்ற நர்ஸ், வண்டிப்பெரியாறு:
அட்டார்வாஸ்டாட்டின் எந்த நேரமும் போடலாம், சாப்பாட்டுக்கு முன், பின் கணக்கு கிடையாது. தினம் ஒரே நேரமாக இருக்கட்டும். தசை வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், உங்கள் வீட்டுக்காரர் தானாக நிறுத்திவிட வேண்டாம். சுகர், பிரஷர் சீட்டு எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போங்கள்.