மும்பைப் புழுக்கத்துக்கு எது பொருந்தும்: 4711 கொலோனா, கூல் வாட்டரா?

கேள்வி (டோம்பிவிலி)

வணக்கம். நாள்தோறும் லோக்கல் ரயிலில் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) நிலையம் சென்று ஃபோர்ட் பகுதியில் பணிபுரிகிறேன். குளித்ததும் 4711 என்ற கொலோனை, அதாவது மென்மையான வாசனை நீரை, உள்ளங்கையில் ஊற்றிக் கழுத்திலும் மார்பிலும் தடவிக்கொண்டால், நார்த்தை இலையைக் கசக்கினாற்போன்ற அந்த மணத்தில் மனமே குளிர்ந்துவிடுகிறது. ஆனால், தாணே வருவதற்குள் வியர்வைதான் மிஞ்சுகிறது. புட்டி தீரப்போகிறது. நண்பர் டேவிடாஃப் கூல் வாட்டர் என்ற வாசனைத் திரவியத்தை வாங்கச் சொல்கிறார். நெரிசலில் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி வந்துவிடக் கூடாதே என்ற கவலையும் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில் (செம்பூர்)

அது 4711-இன் குறையன்று, இயல்பு. எலுமிச்சை, ஆரஞ்சு, அவற்றின் இனத்தைச் சேர்ந்த பெர்கமாட் ஆகிய பழங்களின் எண்ணெய்கள் விரைவில் ஆவியாகிவிடும். வெட்டிவேர் எண்ணெய் நெடுநேரம் தங்கும்; இவை அப்படித் தங்குவதில்லை. மேலும், கொலோன் வகையில் வாசனை எண்ணெய் பொதுவாக 2 முதல் 5 விழுக்காடுதான். 1988-இல் வெளிவந்த கூல் வாட்டர், ஓ டி டாய்லெட் வகை; அவ்வகையில் 5 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும். புதினாவும் லாவெண்டரும் முதலில் எழுந்து அடங்கிய பிறகும் மரத்தின் மணமும் கஸ்தூரி மணமும் நிற்கும். நீண்ட பயணத்துக்கு அதையே வாங்குங்கள். சட்டைக்குள் மார்பில் இரண்டு முறை அடித்தால் போதும்.

பதில் (மாட்டுங்கா)

தம்பி, உங்கள் மூக்கை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒரே மணத்தை விடாமல் முகர்ந்தால் மூக்கு பழகிப்போய் அதை உணராது. என் கணவர் மணம் போய்விட்டதென்று எண்ணிக் கூல் வாட்டரை மறுபடியும் அடித்துக்கொள்ளும் நாட்களில், அடுப்படியில் கொதிக்கும் ரசத்தின் வாசனைகூட எனக்குத் தெரிவதில்லை. காகிதத்தில் முகராமல், ஒரு கைக்கு ஒன்றாகப் பூசிக்கொண்டு ரயிலேறுங்கள். அலுவலகத்தில் வேறொருவரை முகர்ந்து சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

அம்மா, நீங்கள் சொன்னபடியே கடையில் மாதிரிப் புட்டியிலிருந்து இடக்கையில் கூல் வாட்டரை அடித்துக்கொண்டு, வலக்கையில் 4711-ஐப் பூசிக்கொண்டு வீடு திரும்பினேன். குர்லாவில் வலக்கை மணம் போய்விட்டது. டோம்பிவிலியில் இறங்கியபோது இடக்கையிலும் ஒன்றுமில்லை என்றே நினைத்தேன். கதவைத் திறந்த மனைவியோ, வாசலிலேயே மணக்கிறது என்றார். அந்த நெரிசலில் அத்தனை மணத்தை மற்றவர்மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. ஆகவே 4711-ஐயே வாங்கி அலுவலகத்தில் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் முகம் கழுத்தைக் கழுவித் துடைத்தபின் பூசிக்கொள்ளப்போகிறேன். மேசை ஜன்னலோரம் இருக்கிறது, அங்கே வைக்கலாமா?

பதில் (மாட்டுங்கா)

ஜன்னலோரம் வேண்டாம். வெயிலும் சூடும் பட்டால் எலுமிச்சை மணம்தான் முதலில் கெடும். மூடியை இறுக்கி, அட்டைப் பெட்டியோடு இழுப்பறைக்குள் வையுங்கள்.