இரண்டு பேர் ஏறினால் மட்டும் தடம் புரளும் சிறு ரயில் பெட்டி

தோட்டத்தில் நானே அமைத்த, 5 அங்குல அகலச் சிறு ரயில் பாதையில் மூன்று வாரங்களாக ஒரே இடத்தில் ஆட்கள் அமரும் பெட்டி தடம் புரள்கிறது. 12 மீட்டர் ஆர வளைவு முடிந்து நேர்பாதை தொடங்கும் இடம் அது. பின் போகியின் (பெட்டிக்கு அடியில் தனியாகத் திரும்பும் ஈரச்சுச் சக்கரத் தொகுதி) முன் அச்சில், வெளிப்பக்கச் சக்கரம் தண்டவாளத்தின் மேல் மெதுவாக ஏறி விழுகிறது. நடை வேகத்திலும் அப்படித்தான், ஆகவே வேகத்தைக் குறை சொல்ல முடியாது.

இழுப்பது 24 வோல்ட் பேட்டரி எஞ்சின். அது ஒருமுறைகூட இறங்கியதில்லை. பெட்டி 1.8 மீட்டர் நீளம், இரண்டு போகிகள், சொந்தத் தயாரிப்பு. காலியாகவோ ஒருவருடனோ ஒழுங்காகப் போகிறது. பெரியவர்கள் இருவர் அமர்ந்தால்தான் வம்பு. எதிர்த்திசையில் ஓட்டினால் இருவரோடும் விழுவதில்லை. இதுதான் என்னைக் குழப்புகிறது.

சக்கரங்களின் உட்புற இடைவெளி நான்கு அச்சுகளிலும் 119 மி.மீ. தண்டவாள இடைவெளி 127, வளைவில் 128. போகி திரும்பும் மையத் தாங்கிக்குக் கிரீஸ் வைத்தேன், பெட்டி சாயாமல் பிடிக்கும் பக்கத் தாங்கிகளில் இடைவெளி கூட்டினேன், பின் போகியைத் திருப்பியும் மாட்டினேன். பலனில்லை. மட்டப்பலகை வைத்தால், வளைவில் சற்று உயர்த்தி வைத்த வெளித்தண்டவாளத்தின் உயர்வு நேர்பாதையை நோக்கிச் சீராகக் குறைவதாகத்தான் தெரிகிறது. ஆனால் அது சுமையில்லாத பாதையில் எடுத்த அளவு.

சுமை ஏறும்போது மட்டும் ஸ்லீப்பர் கட்டைகள் அமுங்கிப் பாதை முறுக்கிக்கொள்கிறதா என்பதைப் பெட்டி நிற்கும் நிலையிலேயே அளப்பது எப்படி?