ஒரே வீட்டில் இரண்டு பெண் நாய்கள்: வாசலருகே மட்டும் சண்டை

கேள்வி:
எங்கள் வீட்டில் 7 வயதுப் பெண் நாயும், குட்டியாக வந்து இப்போது 2 வயதாகும் இன்னொரு பெண் நாயும் இருக்கின்றன. ஒரே பாயில் உறங்கிய இவ்விரண்டும் கடந்த இரண்டு மாதங்களில் மூன்று முறை கடுமையாகக் கடித்துக்கொண்டன; மூன்று முறையும், நான் வெளியிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்த நேரத்தில். கடைசியாக மூத்ததின் காது கிழிந்தது, விலக்கப்போன என் கையிலும் பல் பதிந்தது. மூத்ததற்கே எதிலும் முதலிடம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தும் பயனில்லை.

மறுமொழி 1:
முதலில் உங்கள் கை: காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும், இன்னும் மருத்துவரிடம் காட்டவில்லையென்றால் இன்றே காட்டுங்கள். இனிச் சண்டை மூண்டால் கழுத்துப்பட்டையைப் பிடிக்காமல், ஒரு பலகையையோ நாற்காலியையோ நடுவில் நுழைத்துவிடுங்கள். ஒன்றாக வளர்ந்தவை திடீரென மோதினால் வலியைச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து. மூத்ததின் மூட்டு, பல், காது மூன்றையும் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும்.

மறுமொழி 2:
முதலிடம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. உங்கள் சிக்கல் வாசலில் இருக்கிறது. குறுகிய இடம், உங்களைக் கண்ட பரபரப்பு, முந்திக்கொள்ளும் அவசரம் மூன்றும் அங்கே சேர்கின்றன. என் நாய்களிடம் சண்டைக்குச் சில நொடிகள் முன்பே அது தெரிந்துவிடும்: இளையது வாயை மூடி, உடலை விறைத்து, மூத்ததின் தோள்மீது மோவாயை வைக்கும், மூத்தது முகத்தைத் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். அந்த நேரத்தில் உறுமியதற்காக அதட்டிவிடாதீர்கள்; அதட்டப்பட்ட நாய் உறுமலை விட்டுவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும். சில நாட்கள் இரண்டையும் வெவ்வேறு அறைகளில் வைத்து, உணவையும் தனித்தனியே கொடுங்கள். பிறகு ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, ஒன்றையொன்று முறைக்காத தொலைவில் இணையாக நடத்தி, இடைவெளியை நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறையுங்கள். வீட்டுக்குள் சேர்த்து விடும்போது, முன்கூட்டியே பழக்கிய கூடை வாய்ப்பூட்டு (கடிக்க முடியாதபடி வாயில் மாட்டும் கூடை போன்ற உறை) இருப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:
கைக்கு ஊசி போட்டாயிற்று. எக்ஸ்ரேயில் மூத்ததற்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. நான் நுழையும்போதெல்லாம் இளையது துள்ளி அதன் இடுப்பில்தான் மோதுகிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன். வலிமருந்து தொடங்கிவிட்டோம். கதவைத் திறக்கும் முன் இளையதை உள்ளறையில் விடுகிறோம். இணைநடை அடுத்த வாரம்.