காலையில் 9 இன்ச், ராத்திரி 10¼: எம்.எஸ். இருந்தால் கால் வீங்குமா?

கேள்வி: பட்டன்_ஊசி

எனக்கு 46 வயது. கும்பகோணத்தில் வீட்டு முன்னறையிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் என்று கண்டுபிடித்து ஒன்பது வருடம் ஆகிறது. வலது கால் தரையில் இழுபடும். பாதத்தில் சூடு குளிர் சரியாகத் தெரியாது. வீட்டுக்குள் வாக்கர், வெளியே போனால் வீல்சேர்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஆடி மாதம் ஆரம்பித்த வீக்கம். காலையில் எழுந்திருக்கும்போது கால் ஒழுங்காகத்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குள் புறங்கால் உப்பிவிடும். ராத்திரி கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறது, அது சாவகாசமாகத்தான் நிரம்புகிறது. டேப் கழுத்தில் தொங்குகிற தொழில் என்பதால் அளந்தே பார்த்தேன். வலது கணுக்கால் காலையில் 9 இன்ச், ராத்திரி 10¼. இடதும் வீங்குகிறது, ஆனால் கால் இன்ச் குறைவு. மூடிய வளையமாகப் போட்டிருந்த மெட்டி விரலில் இறுகி, ஆசாரி வீட்டுக்கு வந்து வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை, சகுனம் சரியில்லையாம்.

எங்கள் பக்கத்தில் கால் வீங்கினால் எல்லார் வாயிலும் வருவது யானைக்கால்தான். பேச்சு தாங்காமல் ராத்திரி நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று, புழு இல்லை. கிட்னி, இதயம், தைராய்டு எல்லாம் சரி என்றார்கள். ஒரு டாக்டர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார். எனக்கு ஏற்கெனவே அவசரம் வந்தால் அடக்க முடியாது. அந்த நாலு நாளும் பாத்ரூம் வாசலிலேயே குடியிருந்தேன், வீக்கம் அப்படியே இருந்தது. மாமியார் சொன்னார் என்று கல் உப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்தேன். சூடு உறைக்காமல் இரண்டு விரலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

எம்.எஸ். நோயே காலை வீங்க வைக்குமா? தீபாவளிக்கு 60 ஜாக்கெட் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனியில் மெஷினுக்கு மோட்டார் மாட்டியதால் வேலை வேகமாக நடக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் படுத்துக்கொண்டு தைக்க முடியாதே. உட்கார்ந்த வேலையோடு இதைச் சமாளிக்க வழி இருக்கிறதா?

பதில்: சேலம்_பிசியோ

அக்கா, கடைசிப் பத்தியில் விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆனியில் மோட்டார், ஆடியில் வீக்கம்.

எம்.எஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறையைத்தான் அரிக்கிறது. அது நேராகக் காலில் நீர் சேர்ப்பதில்லை. ஆனால் காலுக்கு இறங்கிய ரத்தம் திரும்ப மேலே ஏற வேண்டுமானால், கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி அதைத் தள்ளிவிட வேண்டும். நடக்கிறவர்களுக்கு நடையே அந்த வேலையைச் செய்துவிடும். உங்களுக்கு இத்தனை வருடம் பெடல் செய்து கொடுத்திருக்கிறது. இப்போது கால் நாள் முழுக்க சும்மா தொங்குகிறது, நீர் அங்கேயே தங்குகிறது. நீர் மாத்திரை கேட்காததில் ஆச்சரியமில்லை.

பாபின் தீரும்போதெல்லாம் நிறுத்தி, குதிகாலை ஊன்றி விரலைத் தூக்குவதும், விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவதுமாக இருபது தடவை செய்யுங்கள். வலது கால் வராவிட்டால் பாதத்தில் ஒரு துணிப்பட்டையை மாட்டிக் கையால் இழுங்கள். மதியம் அரை மணி நேரம் படுத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணையில் வையுங்கள். முக்காலியில் கால் நீட்டி உட்காருவது தொங்கவிடுவதைவிடத் தேவலை, ஆனால் அது மட்டும் போதாது.

இறுக்கமான சாக்ஸ் உதவும். ஆனால் டாக்டர் பாதத்தில் நாடித்துடிப்பு பார்க்காமல் வாங்காதீர்கள். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் அந்த இறுக்கமே புண்ணாக்கிவிடும். பெட்டியில் அழுத்தம் 15-20 என்று போட்ட லேசான ரகத்தில் ஆரம்பிக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். காலையில் வீங்குவதற்கு முன்பே போட்டு, ராத்திரி கழற்றிவிட வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் சாக்ஸ் மடிந்து கிடந்தாலும் தெரியாது, கண்ணால் பாருங்கள். வெந்நீர் இனி வேண்டவே வேண்டாம்.

பதில்: மாத்திரை_டப்பா

என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் அம்மா? நான் பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவன், பதினாறு வருடமாக எம்.எஸ். எனக்கும் கால் வீங்கியது. நோய் முற்றிவிட்டது என்று வீடே அழுதது. கடைசியில் பார்த்தால் பிரஷருக்குப் புதிதாக எழுதிய அம்லோடிபின்! மாற்றிக் கொடுத்த சில வாரங்களில் வடிந்துவிட்டது. நரம்பு எரிச்சலுக்குத் தருகிற பிரிகாபாலின், காபாபென்டின் இரண்டும் இப்படிச் செய்யக்கூடியவை. ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டாலும் உடம்பில் நீர் தேங்கும். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வம்பில் கொண்டுபோய் விடும். தசை இறுக்கத்துக்குத் தருகிற பேக்லோஃபென் எடுப்பவராக இருந்தால் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. டப்பாவையே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

பாத்ரூம் பயத்தில் தண்ணீரைக் குறைக்கிற பழக்கம் நம் ஆட்கள் எல்லாருக்கும் உண்டு. வீக்கம் அதனால் குறையாது, மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும்தான் வரும். குறைக்க வேண்டியது உப்பு. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றையும் நான் விட்டுவிட்டேன். மோர்மிளகாய்க்கு இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

பதில்: அம்மாவின்_மகள்

அக்கா, உங்களுக்கு இரண்டு காலும் சேர்ந்து வீங்குகிறது, காலையில் வடிகிறது, அது ஒரு ஆறுதல். என் அம்மாவுக்கு ஒரு நாள் இடது கால் மட்டும் வீங்கியது. எம்.எஸ். காரணமாக உணர்ச்சி குறைவு, அதனால் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொட்டால் கொஞ்சம் சூடாக இருந்தது. வழக்கமான வீக்கம் என்று நானும் ஒரு நாள் விட்டுவிட்டேன். மறுநாள் டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி இருந்தது. அது நுரையீரலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

டேப் வைத்திருக்கிறீர்களே, கணுக்காலோடு கெண்டைக்காலையும் அளங்கள், முழங்காலுக்குக் கீழே நாலு இன்ச்சில். இரண்டு காலுக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ, ஒரு கால் மட்டும் சிவந்து சூடானாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் 108. காலில் கொப்புளம் என்று எழுதியிருந்தீர்கள், அது ஆறிவிட்டதா? வீங்கின காலில் புண் ஆற நாளாகும்.

பதில்: பட்டன்_ஊசி

எல்லாருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கொப்புளம் ஆறிவிட்டது.

மாத்திரை டப்பா ஐயா சொன்னது சரிதான். எரிச்சலுக்கு பிரிகாபாலினை வைகாசியில் கூட்டியிருந்தார்கள், எனக்கு அது மறந்தே போயிற்று. நரம்பு டாக்டர் கொஞ்சம் குறைத்திருக்கிறார். ராத்திரி எரிச்சல் லேசாகத் திரும்பியிருக்கிறது, பொறுத்துக்கொள்கிறேன்.

சாக்ஸ் போடுவது பெரிய மல்யுத்தம். என் விரலுக்கு அந்தப் பலம் கிடையாது. லைனிங் சாட்டின் வெட்டுத்துண்டில் ஒரு சின்னப் பை தைத்துப் பாதத்தில் மாட்டி, அதன் மேல் சாக்ஸை ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது. முனை திறந்த சாக்ஸ் என்பதால் பையை விரல் வழியாக உருவிவிடலாம். மதியம் மூன்று மணிக்கு மேல் வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. உடம்பு சூடேறினால் எனக்குக் கண்ணே மங்கும், அதனால் கழற்றிவிட்டுப் படுத்துக் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் பிசியோ தம்பி, உங்களுக்குத்தான் இந்தச் செய்தி. மோட்டார் மாட்டியபோது பழைய பெடலை எடுக்கவில்லை, பெல்ட்டை மட்டும்தான் கழற்றினோம். இப்போது ஹூக் வைக்கும்போதும் காஜா எடுக்கும்போதும் இரண்டு பாதத்தையும் அதன் மேல் வைத்துச் சும்மா ஆட்டுகிறேன். பளு இல்லாததால் இடது கால் மிதித்தாலே வலது காலும் கூடவே போய் வருகிறது. தைக்காமல் பெடல் ஓடுகிற சத்தம் கேட்டு மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

நேற்று ராத்திரி அளவு 9¾. மாத்திரையா, பெடலா, சாக்ஸா, எது குறைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. 60 ஜாக்கெட்டில் 41 முடிந்திருக்கிறது. புது மெட்டிக்கு ஆசாரி அளவு கேட்டு அனுப்பியிருக்கிறார். காலை அளவைச் சொல்வதா, ராத்திரி அளவைச் சொல்வதா என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.