கிரூனவால்ட் காட்டில் சைக்கிள்: மணல், பன்றிக்குட்டிகள், பெயரில்லாக் கல்லறைகள்

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். குதிரைமொழித் தேரியின் செம்மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரிந்து வளர்ந்தவன். பெர்லினுக்கு வேலைக்கு வந்து, ஆசைப்பட்டு, மண்பாதையிலும் ஓடுகிற ஒரு கிராவல் பைக் சைக்கிள் வாங்கி, நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கிரூனவால்ட் காட்டுக்குள் முதல் தடவை போனபோது, அங்கேயும் மணல் காத்திருக்கும் என்று நினைக்கவே இல்லை. ஈரமான கறுப்பு மண், பாசி பிடித்த மரம், இப்படித்தான் மனதில் ஒரு படம் வைத்திருந்தேன். பைன் மரங்களுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி நேராக ஓடிய ஒரு பாதையில் நல்ல வேகத்தில் இறங்கினேன். முன்சக்கரம் சட்டென்று புதைந்தது. கைப்பிடியைத் தாண்டி விழுந்தேன். எழுந்து முழங்கையைத் தட்டினால் மாவு மாதிரி வெளுத்த மணல். பனியுகத்துப் பனிப்பாறைகள் உருகி ஓடியபோது கொட்டிவிட்டுப் போனது. காட்டின் நடுவில் பழைய மணல் குவாரி ஒன்று இருக்கிறது. சரிவில் குழந்தைகள் உருண்டு விளையாடுவார்கள். நிறம்தான் வேறு, மற்றபடி எனக்குத் தேரிதான்.

இப்போது மூன்று வருடமாகப் போய்வருகிறேன். மணலில் விழாமல் ஓட்டுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் எல்லோரும் திணறுவது இதில்தான். மணல் திட்டைப் பார்த்தவுடன் பிரேக் பிடிக்கத் தோன்றும், பிடிக்கக் கூடாது. மணலுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், உள்ளே போன பிறகு மாற்றினால் சங்கிலி நெரியும், வேகம் செத்துவிடும். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கைப்பிடியை லேசாகப் பிடித்துக்கொண்டு, மிதிப்பதை நிறுத்தாமல் போனால் முன்சக்கரம் தானே வழி தேடிக்கொள்ளும். அது அசைந்தால் அசையட்டும், திருத்தப் போனால்தான் விழுவோம். டயர் 45 மில்லிமீட்டர் போட்டிருக்கிறேன், டியூப் இல்லாதது. என் எடைக்கு 2 பார் அழுத்தத்தில் காற்று போதும். அதற்கு மேல் அடித்தால் பைன் வேர்கள்மேல் போகும்போது முதுகெலும்பு கணக்குச் சொல்லும்.

என் சுற்று கிரூனவால்ட் ரயில் நிலையத்தில் தொடங்குகிறது. சைக்கிளை எஸ்-பான் ரயிலில் ஏற்றலாம், அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். இறங்கியதும் காட்டுக்குள் நேராகப் பாயாமல் 17-ஆம் நடைமேடைக்குப் போய்விட்டுப் போங்கள். 1941 இலையுதிர்காலத்திலிருந்து பெர்லின் யூதர்களை நாஜிகள் ரயிலேற்றி அனுப்பிய இடங்களில் இது ஒன்று. தண்டவாளத்தின் இரு ஓரங்களிலும் 186 இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தேதி, எத்தனை பேர், எந்த ஊருக்கு என்று மட்டும். முதல் தடவை நான் அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோது, பெடலில் மாட்டிக்கொள்வதற்காக என் ஷூவின் அடியில் இருந்த இரும்பு, தகட்டின்மேல் 'டக் டக்' என்று அடித்தது. அந்தச் சத்தம் எனக்கே தாங்கவில்லை. ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். இப்போதும் அப்படித்தான் நடக்கிறேன்.

அங்கிருந்து மேற்கே போனால் டொய்ஃபல்ஸ்பெர்க். 120 மீட்டர் உயரம், பெர்லினுக்கு அது மலைதான். ஆனால் இயற்கையான மலை இல்லை. இரண்டாம் உலகப் போரில் இடிந்த வீடுகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய குவியல். இடிபாடு மட்டும் சுமார் 2.6 கோடி கன மீட்டர். உச்சியில் அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் பனிப்போர்க் காலத்தில் வைத்திருந்த ஒட்டுக்கேட்பு நிலையத்தின் ஆன்டெனாக்களை மூடியிருந்த வெள்ளைக் கூண்டுகள் கிழிந்து நிற்கும். மரமெல்லாம் வளர்ந்து மூடிவிட்டதால் ஏறும்போது எதுவும் தெரியாது. மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள் பாதை அரித்திருந்த இடத்தில் டயருக்கு அடியில் ஏதோ நறநறத்தது. குனிந்து பார்த்தேன், செங்கல் துண்டுகள். ஒன்றில் நீலப் பூ போட்ட ஓட்டுத் துண்டு ஒட்டியிருந்தது. யாரோ ஒருவருடைய சமையலறைச் சுவர். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

சரி, காட்டுப்பன்றிக்கு வருகிறேன். டொய்ஃபல்ஸே என்ற குட்டி ஏரி அந்த மலையின் அடியில் இருக்கிறது. 2020-ல் அங்கே ஒரு தாய்ப்பன்றி, ஆடையில்லாமல் வெயில் காய்ந்துகொண்டிருந்தவரின் லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட, அவர் அப்படியே துரத்திய படம் உலகமெல்லாம் சுற்றியது. நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம், நேரில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. வளைவு திரும்பியதும் பதினைந்து அடியில் தாய். பின்னால் உடம்பில் வரிவரியாகக் கோடு போட்ட குட்டிகள், ஆறோ ஏழோ. நான் பிரேக் பிடித்த சத்தத்தில் குட்டிகள் சிதறின. தாய் நின்று, மூக்கால் ஒரு தடவை உறுமியது. திரும்பி ஓட வேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் சைக்கிளை எனக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு, பார்வையைத் தாழ்த்தி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தேன். குட்டிகள் ஒவ்வொன்றாகப் பாதையைக் கடந்து போகும்வரை அது அசையவில்லை. கடைசிக் குட்டி தடுக்கி விழுந்து எழுந்து ஓடிய பிறகுதான் தாயும் போனது. அன்றிலிருந்து வசந்தகாலச் சாயங்காலங்களில் வளைவுக்கு முன்பே மணி அடிக்கிறேன். அந்த இருட்டுப் பகுதிகளில் காதில் பாட்டு வைப்பதை விட்டுவிட்டேன்.

மணி என்றதும் இன்னொன்று. ஹாஃபெல் ஆற்றை ஒட்டிய பாதையில் ஒரு வயதான தம்பதிக்குப் பின்னால் மிக அருகில் வந்து மணி அடித்துவிட்டேன். அந்த அம்மா திடுக்கிட்டு ஊன்றுகோலைக் கீழே போட்டார். இறங்கி எடுத்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. முப்பது மீட்டருக்கு முன்பே அடி தம்பி, அப்போது நாங்களே ஒதுங்கிக்கொள்வோம் என்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். ஆற்றோர மேட்டுப்பாதை நடப்பவர்களுக்கானது. அதில் சைக்கிளை ஏற்றாதீர்கள், கீழே நமக்கு வேண்டிய அளவு பாதை இருக்கிறது.

ஷில்ட்ஹோர்ன் தீபகற்பத்துக்குப் பக்கத்தில், மரங்களுக்குள், ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். ஆற்றில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் உடல்கள் இந்த வளைவில் ஒதுங்கும். தேவாலயக் கல்லறைகள் அவர்களை ஏற்காத காலத்தில், காட்டு இலாகாதான் இங்கே இடம் கொடுத்தது. பெயரில்லாதவர்களின் கல்லறை என்றே இதற்குப் பெயர். பாடகி நிக்கோவும் தன் தாயோடு இங்கேதான் இருக்கிறார். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போனால் பறவைச் சத்தம் மட்டும்தான்.

பிறகு 55 மீட்டர் செங்கல் கோபுரமான கிரூனவால்ட் டுர்ம் வரை ஏற்றம், அப்புறம் வான்ஸே பக்கம் இறக்கம். இதை வேகமாகவே ஓட்டலாம், சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. திரும்பும் வழிதான் எனக்குப் பிடித்தது: ஷ்லாஹ்டன்ஸே, க்ரும்ம லாங்க, கிரூனவால்ட்ஸே என்று ஏரிகள் சங்கிலி மாதிரி வரும். கோடையில் முதல் இரண்டு ஏரிக் கரையும் கூட்டம். நான் கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் காட்டுப் பாதையில்தான் வருவேன். கிரூனவால்ட்ஸே நாய்களின் ராஜ்ஜியம், கயிறில்லாமல் ஓடும். ஒரு பெரிய கறுப்பு நாய் ஏரியிலிருந்து நேராக வந்து என் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று உடம்பை உதறி என்னைக் குளிப்பாட்டிவிட்டது. அதன் சொந்தக்காரர் துண்டை நீட்டினார். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அவர்தான் 1915 ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னார். பெர்லின் பெருகிக்கொண்டிருந்தபோது காடுகள் வீட்டுமனையாகிவிடும் என்று பயந்து, பிரஷ்ய அரசிடமிருந்து சுமார் 10,000 ஹெக்டேரை 5 கோடி மார்க்குக்கு வாங்கினார்களாம். கட்டடம் கட்டவோ விற்கவோ கூடாது என்பதே நிபந்தனை. கேட்டபோது எங்கள் ஊர்ப் பக்கம் மனையாகிப்போன கண்மாய்கள் நினைவுக்கு வந்தன. அவரிடம் சொன்னேன். கண்மாய் என்றால் என்ன என்று கேட்டார். மணலில் ஒரு குச்சியை எடுத்து, கரை, மடை, கலிங்கல் எல்லாம் வரைந்து காட்டினேன். அந்த நாய் அதன்மேலேயே வந்து படுத்துக்கொண்டது.