அக்கா சொல்லிக்கொடுத்த வென்ஃப்ளான்: மூத்த மாணவர்களிடம் செய்முறை கற்ற அனுபவங்கள்

பயிற்சி மருத்துவர், சேலம்:

மூன்றாம் ஆண்டில் வென்ஃப்ளான் (மருந்தும் திரவமும் ஏற்ற, ஊசியின் துணையோடு சிரைக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) போடுவதை எங்கள் பேராசிரியர் செய்து காட்டினார். பல ஆண்டுகள் பழகிய கை என்பதால், ஊசி நுழைந்ததும் இரத்தம் தெரிந்ததும் குழாய் உள்ளே சென்றதும் எங்கள் கண்ணுக்கு ஒரே அசைவாகப் பட்டன. அன்று மாலை செயற்கைக் கையில் நான் முயன்றபோது, ஊசியின் பின்புறம் சிவப்பு நீர் தெரிந்த பிறகும் குழாய் நகர மறுத்தது. அப்போது ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஒரு சீனியர் அக்கா இரண்டு முறை பார்த்துவிட்டு, இரத்தம் தெரிந்த உடனேயே நான் குழாயைத் தள்ளத் தொடங்குவதுதான் கோளாறு என்றார். ஊசியின் முனை குழாயின் முனையைத் தாண்டி நீண்டிருப்பதால், இரத்தம் தெரியும் கணத்தில் ஊசி மட்டுமே சிரைக்குள் இருக்கும். கோணத்தைத் தாழ்த்தி, ஓரிரு மில்லிமீட்டர் முன்னே சென்ற பிறகே குழாயைத் தள்ள வேண்டும். இதே இடத்தில் தானும் பல வாரங்கள் திணறியதாக அவர் சொன்னார். அந்தத் திணறல் அவருக்கு இன்னும் மறக்கவில்லை என்பதே எனக்குக் கிடைத்த பெரும் உதவி.

பேட்டனின் நான்கு படி முறையில்தான் அவர் கற்பித்தார். முதலில் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்தார். அடுத்து ஒவ்வொரு அசைவையும் விளக்கியபடி செய்தார். மூன்றாவதாக நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். கடைசியில் நானே செய்தேன். மூன்றாம் படியில், கையைச் சுற்றி இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டையைத் தளர்த்தச் சொல்லாமலே ஊசியை உருவச் சொன்னேன். அவர் அப்படியே உருவினார். செயற்கைக் கையிலிருந்த சிவப்பு நீர் மேசையெங்கும் கொட்டியது. அதற்குப் பின் இன்றுவரை நான் அதை மறந்ததில்லை.

இறுதியாண்டு மாணவி:

என் அனுபவம் ஏற்காட்டில், காப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த முகாமில் இரத்த அழுத்தம் அளந்தபோது கிடைத்தது. குளிருக்காக எல்லோரும் ஸ்வெட்டர் அணிந்திருந்தார்கள். நான் அதன் மேலேயே பட்டையைச் சுற்றியதைக் கண்ட சீனியர் அண்ணா, கையை முழுவதும் வெளியே எடுக்கச் சொன்னார். இறுக்கமாகச் சுருட்டிவிட்ட ஸ்வெட்டர் கையும் அளவைக் கெடுக்கும் என்றார். மேட்டில் நடந்து வந்த ஒரு மூதாட்டியை ஐந்து நிமிடம் உட்கார வைத்த பிறகு, நான் பட்டையை 160 வரை ஏற்றிவிட்டு ஸ்டெதஸ்கோப்பால் கேட்டேன். 148 என்று வந்தது. அண்ணா மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி பட்டையை ஏற்றச் சொன்னார். நாடி மறைந்தது 190-இல்; அதாவது உண்மையான மேல் அளவு 148 அல்ல, 190-ஐ ஒட்டியது. இரத்த அழுத்தம் உயர்ந்த சிலருக்கு ஒலி நடுவில் மறைந்து மீண்டும் கேட்கும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். ஆனால் நாடி மறையும் அளவுக்கு மேல் 30 ஏற்றி, நொடிக்கு 2 முதல் 3 வரை மெதுவாக இறக்க வேண்டும் என்பதன் காரணம், அந்தப் பாட்டியின் கையைப் பிடித்திருந்தபோதுதான் விளங்கியது. அவரை அன்றே மருத்துவரிடம் காட்டினோம்.

உதவிப் பேராசிரியர்:

இரண்டு பகிர்வுகளையும் மகிழ்ச்சியோடு படித்தேன். ஆயினும் ஒரு கவலையைச் சொல்லியாக வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், ஒரே சீனியரிடம் கற்ற ஐந்து மாணவர்களும் பயன்படுத்திய ஊசிக்கு இரு கைகளாலும் மூடி மாட்டினார்கள். அந்தச் சீனியருக்கும் யாரோ அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார். ஊசி குத்திக் காயம்படுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கற்பிக்க அனுப்புவதற்கு முன் அவர் செய்வதை ஆசிரியர் ஒருவர் சரிபார்ப்புப் பட்டியலோடு பார்த்திருக்க வேண்டும், அதை நாங்கள் செய்யவில்லை. இப்போது மூத்த மாணவர்கள் முதலில் எங்கள் முன் ஒரு முறை செய்துகாட்டிய பிறகே கற்பிக்கிறார்கள்.

பயிற்சி மருத்துவர், சேலம்:

மிக்க நன்றி, ஐயா. வரும் சனிக்கிழமை ஆறு ஜூனியர்களுக்கு நான் வென்ஃப்ளான் கற்பிக்க இருக்கிறேன். கூரிய பொருள்களுக்கான வெள்ளைப் பெட்டியைச் சுவரோரம் வைக்காமல், ஊசி உருவப்படும் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் தொடங்குவேன். அதற்கு முன், வெள்ளிக்கிழமை எங்கள் யூனிட் உதவிப் பேராசிரியர் முன் ஒரு முறை செய்துகாட்ட நேரம் கேட்டிருக்கிறேன்.